மகன் வீட்டு டிரைவ்வேயில் மூன்று மாதம் மோட்டார்ஹோமில் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63, கணவருக்கு 67. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கும் வீட்டை விற்கப் போகிறோம். 2018 மாடல், 32 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு ஏசி, 50 ஆம்ப் வயர். மகன் டெக்சஸில் ஃபிரிஸ்கோ, மகள் நியூஜெர்சியில் எடிசன், கொழுந்தனார் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட். ஒவ்வொருவர் வீட்டு டிரைவ்வேயிலும் மூன்று மூன்று மாதம் வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு இருந்துவிடலாம் என்பது எண்ணம். யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம், பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். மகன், “காருக்கு சார்ஜ் போடுற 50 ஆம்ப் சாக்கெட் கராஜில் இருக்கு, அதிலேயே சொருகிடலாம்மா” என்கிறான். மகள் வீட்டில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 ஆம்ப் சாக்கெட் வைக்கிறேன் என்கிறாள். இதெல்லாம் சரிதானா? கழிவுநீரை என்ன செய்வது? வெட் கிரைண்டரைக் கொண்டுபோகலாமா? — கொலம்பஸ் வாசகி

பதில்: வணக்கம் அம்மா. மகன் சொல்லும் சாக்கெட்டில் சொருகலாம், ஆனால் ஒரு கம்பியைச் சோதித்த பிறகுதான். மகள் வீட்டு எலக்ட்ரீஷியனிடம் ஒரு வாக்கியம் சொல்லி அனுப்ப வேண்டும். மூன்று மாதம் டிரைவ்வேயில் நிற்பது மட்டும் வேண்டாம். மூன்று, நான்கு நாள் என்றால் சரி. மற்ற நாட்களுக்கு அரை மணி நேரத் தொலைவில் ஒரு கேம்ப்கிரவுண்டில் இருந்துகொண்டு போய்வருவதுதான் நடக்கிற காரியம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் கரண்ட், ஏனென்றால் அதில் செய்யும் தவறுக்குத் திரும்ப வழியில்லை.

கராஜில் காருக்காக வைப்பது பெரும்பாலும் 14-50 என்ற நான்கு துளை சாக்கெட். உங்கள் வண்டியின் 50 ஆம்ப் பிளக்கும் அதேதான், அடாப்டர் இல்லாமல் பொருந்தும். பொருந்துவதுதான் சிக்கலே. காருக்கு வேண்டியது, கரண்ட் வரும் இரண்டு ஹாட் கம்பிக்கு நடுவில் கிடைக்கும் 240 வோல்ட் மட்டும்; நியூட்ரல் அதற்குத் தேவையில்லை. அதனால் சில வீடுகளில் கம்பிச் செலவை மிச்சம் பிடிக்க நியூட்ரலை இணைக்காமலே விட்டிருப்பார்கள். கார் வருடக்கணக்கில் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும், யாருக்கும் தெரியாது. மோட்டார்ஹோம் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் எல்லாமே 120 வோல்ட் சாமான். பாதி ஒரு ஹாட் கம்பியிலும், பாதி இன்னொன்றிலும் ஓடும். இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பும் வழி நியூட்ரல்.

அந்த நியூட்ரல் இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துச் சாமான்களும் வரிசையாகக் கோத்தது மாதிரி 240 வோல்ட்டுக்குக் குறுக்கே நிற்கும். ஒரு பக்கம் 1,500 வாட் ஏசி ஓடுகிறது, மறுபக்கம் 150 வாட் ஃபிரிட்ஜ் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியின் மின்தடை சுமார் 10 ஓம், ஃபிரிட்ஜுடையது சுமார் 96 ஓம். கணக்குப் போட்டால் ஃபிரிட்ஜின் தலையில் ஏறத்தாழ 218 வோல்ட் விழுகிறது. டிவி, மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் எல்லாம் சில நொடியில் போய்விடும்.

ஆகவே நீங்கள் கிளம்புவதற்கு முன்பே மகனை ஒரு மல்டிமீட்டர் வாங்கச் சொல்லுங்கள். இடது, வலது துளைகள் ஹாட், நடுவில் நேராக இருக்கும் துளை நியூட்ரல், வட்டமானது எர்த். ஹாட்டுக்கும் ஹாட்டுக்கும் 240, ஒவ்வொரு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் 120, ஒவ்வொரு ஹாட்டுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த நான்கில் ஒன்று தப்பினாலும் சொருகக் கூடாது. சாக்கெட்டில் நான்கு துளைக்குப் பதில் மூன்று துளைதான் இருக்கிறது என்றால் அது வேறு வகை, பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. “அடாப்டர் கிடைக்கும்” என்று யார் சொன்னாலும் வேண்டாம். பிரேக்கரில் என்ன எண் போட்டிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 14-50 சாக்கெட்டை 40 ஆம்ப் பிரேக்கரில் வைப்பதும் உண்டு. அது தவறில்லை, உங்கள் கணக்கு மட்டும் மாறும்.

மீட்டரில் எண் சரியாக வந்தும் இணைப்பு தளர்ந்திருக்கலாம். சுமை ஏறும்போதுதான் அது காட்டும். இதற்காகத்தான் இ.எம்.எஸ். என்ற கருவி. வெறும் சர்ஜ் புரொடெக்டர் வேறு, இது வேறு. 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ, 132-க்கு மேல் ஏறினாலோ, நியூட்ரல் அறுந்தாலோ தானாகத் துண்டிக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். வண்டிக்குப் பணம் கொடுக்கும் அன்றே இதையும் வாங்கிவிடுவது நல்லது.

மகன் வீடு புதிது என்றால் அந்தச் சாக்கெட்டுக்கு, கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் இருக்கும். சொருகியவுடன் அது டப்பென்று விழலாம். வீட்டு வயரிங் கோளாறு என்று சண்டை போட வேண்டாம்; சுமார் 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே விழுகிற மாதிரிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டுச் சொருகி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரின் எலிமெண்டில்தான் வந்து நிற்கும். எல்லாவற்றையும் அணைத்தும் விழுகிறது என்றால் வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பிரேக்கர் ஹாட் கம்பியைத்தான் துண்டிக்கும், நியூட்ரலைத் தொடாது. அதனால்தான் அணைத்தும் பயனில்லை. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் பக்கம் ஆர்.வி. (மோட்டார்ஹோம் மாதிரி வீட்டு வண்டி) மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை அது. (இடையில் ஒன்று: நீங்கள் அந்தச் சாக்கெட்டை எடுத்துக்கொண்டால் மகன் காருக்கு எங்கே சார்ஜ் போடுவான்? இதையும் கேட்டுவிடுங்கள். மூன்று நாளுக்குப் பொறுத்துக்கொள்வான்.)

இனி எடிசன். ஆர்.வி.க்கான 30 ஆம்ப் சாக்கெட் 120 வோல்ட். அதன் பெயர் டி.டி.-30. வீட்டு வேலை மட்டும் பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியனுக்கு 30 ஆம்ப் என்றாலே துணி டிரையர்தான் ஞாபகம் வரும், அது 240 வோல்ட். டி.டி.-30 சாக்கெட்டை வாங்கி, இரண்டு ஹாட் கம்பியை இணைத்துவிட்டுப் போய்விடுவார். இந்தத் தொழிலில் இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு கிடையாது. உங்கள் மகள் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “டி.டி.-30, 120 வோல்ட், சிங்கிள் போல் பிரேக்கர், ஒரு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு எர்த்.” இன்னும் நல்லது, கூடக் கொஞ்சம் செலவழித்து நான்கு கம்பியோடு 14-50 வைக்கச் சொல்வது, நாளைக்கு அவர்கள் மின்சாரக் கார் வாங்கினாலும் உதவும்.

ஃப்ரீமான்டில் எதுவும் செய்ய வேண்டாம் என்றால் சாதாரணச் சுவர் சாக்கெட்தான். 15 ஆம்ப் சாக்கெட்டிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது 12 ஆம்ப், அதாவது 1,440 வாட். கூரை ஏசி ஒன்றே அதைத் தின்றுவிடும். ஏசியோடு மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும். ஏசி இல்லாத காலத்தில் ஃபிரிட்ஜ், விளக்கு, பேட்டரி சார்ஜிங், அதோடு மின்சாரக் குக்கர், கெட்டில் இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்று என்று ஓட்டலாம். எக்ஸ்டென்ஷன் வயர் 12 கேஜாக, 50 அடிக்கு மேல் போகாததாக இருக்கட்டும். புல்வெட்டிக்கு வாங்கிய 16 கேஜ் ஆரஞ்சு வயர் 100 அடி நீளத்தில் 12 ஆம்ப் ஓடினால் கிட்டத்தட்ட 10 வோல்ட்டை வழியிலேயே விழுங்கிவிடும். மாலையில் தெருவிலேயே வோல்டேஜ் 114-க்கு இறங்கியிருந்தால் ஏசி கம்ப்ரசருக்குப் போய்ச் சேர்வது 104. கம்ப்ரசர் உறுமும், ஓடாது, சூடாகும். பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்து நீங்கள் நேரடியாகக் கேட்கத் தயங்கி ஒரு வரியில் முடித்த விஷயம். வண்டிக்கு அடியில் இரண்டு கழிவு டேங்க் உண்டு. கழிப்பறைக்கு பிளாக், குளியல், பாத்திரத் தண்ணீருக்கு கிரே. இந்த அளவு வண்டியில் ஒவ்வொன்றும் 30 முதல் 40 கேலன் வரை இருக்கும். ஒரு கேலன் என்பது 3.8 லிட்டர். சிக்கனமாக இருக்கும் இருவருக்கு கிரே டேங்க் மூன்று, நான்கு நாளில் நிரம்பும். பிளாக் ஒரு வாரம் வரும், ஆனால் நம் வீட்டுக் கணக்கு வேறு. கழுவும் தண்ணீரைச் சேர்த்தால் ஐந்து நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் டேங்குக்கு நல்லதுதான். தண்ணீரை மிச்சம் பிடித்துக் காகிதமாகப் போடுகிற வண்டிகளில்தான் துளைக்கு நேர் கீழே கெட்டிப்பட்டுக் குவியலாக நின்றுவிடும். பிறகு எந்த மருந்துக்கும் கரையாது.

கழிப்பறைக்குக் கைப்பீச்சான் பொருத்தினால் பீச்சானின் கைப்பிடியை மட்டும் நம்பாதீர்கள். சுவர்ப் பக்கம் ஒரு தனி வால்வு வைத்து, ஒவ்வொரு முறையும் அதை மூட வேண்டும். கைப்பிடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் வண்டியின் தண்ணீர் பம்ப் நடுராத்திரியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். பம்ப் அப்படி அடிக்கிறது, குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

டேங்கைக் காலி செய்யும் முறை: பிளாக் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும், சாக்கடைக் குழாயில் மாட்டியிருந்தாலும் கூட. திறந்து வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டி தங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு முதலில் பிளாக், அடுத்து கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். முடிந்ததும் கழிப்பறை வழியாக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மூடுங்கள்.

டிரைவ்வேயில் இதை எங்கே செய்வது? தெருவோர மழைநீர் வடிகாலில் எந்தத் தண்ணீரையும் விடக் கூடாது, பாத்திரம் கழுவியதைக்கூட. அது சுத்திகரிப்பு இல்லாமல் நேராக ஓடைக்குப் போகிறது, அபராதமும் உண்டு. வீட்டின் முன்புறமோ பக்கவாட்டிலோ தரையோடு ஒரு மூடி இருக்கும். கிளீன்அவுட் என்பார்கள், வீட்டுச் சாக்கடைக் குழாயின் வாய். நகராட்சிச் சாக்கடையோடு இணைந்த வீடாக இருந்து, ஊர் விதியும் அனுமதித்தால் அதில் விடலாம். அது மேட்டில் இருந்தால் தானாக ஓடாது; அரைத்துத் தள்ளும் 12 வோல்ட் மேசரேட்டர் பம்ப் வேண்டும். வீட்டில் செப்டிக் டேங்க் என்றால் ஒரே மூச்சில் 40 கேலனைக் கொட்டாதீர்கள். ஃபார்மால்டிஹைட் கலந்த டேங்க் மருந்து போட்டிருந்தால் அறவே கூடாது, செப்டிக்கின் கிருமிகள் செத்துவிடும். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் டோட் டேங்க் என்றொன்று விற்கிறார்கள். 30 கேலன் நிறைந்தால் 250 பவுண்டு, 113 கிலோ. 67 வயதில் உங்கள் கணவர் இதைச் சரிவான டிரைவ்வேயில் இழுக்க வேண்டாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை வண்டியைக் கிளப்பிக்கொண்டு, கழிவைக் கொட்டுவதற்கென்று உள்ள டம்ப் ஸ்டேஷனுக்குப் போவதுதான் மீதி வழி. மூன்று மாதத்துக்கு அப்படிப் பதினெட்டு முறை. அதற்குக் கேம்ப்கிரவுண்டிலேயே இருந்துவிடலாம்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும் குடியிருப்புகளில் ஏற்றி இறக்க 24 முதல் 72 மணி நேரம் நிற்க விடுவது வழக்கம். அதற்கு மேல் விருந்தினர் அனுமதி கேட்க வேண்டும். நகராட்சி விதி தனி. நிறுத்தலாம், ஆனால் உள்ளே படுத்துறங்கக் கூடாது என்று சொல்லும் ஊர்கள் நிறைய. இரண்டு இடத்திலும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும்வரைதான் செல்லும். அதோடு உங்கள் வண்டி 32 அடி. சாதாரணப் புறநகர் டிரைவ்வேயில் பின்பக்கம் நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்கே சீட்டு ஒட்டுவார்கள். மகனை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்: கராஜ் கதவிலிருந்து நடைபாதை விளிம்பு வரை நீளம், தெருவிலிருந்து ஏறும் இடத்தின் சரிவு, மேலே தாழ்ந்து தொங்கும் மரக்கிளையும் கேபிளும். கிளாஸ் சி வண்டி ஏசியோடு சேர்த்து 11 அடிக்கு மேல் வரும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளமாக நீட்டியிருக்கும் வண்டி சரிவில் ஏறும்போது வால் தரையில் உரசும். கழிவு வால்வுகள் அந்தப் பக்கம்தான் தொங்குகின்றன.

நின்ற இடம் சமமாக இருக்க வேண்டியது தூக்கத்துக்காக மட்டுமல்ல. 2018 மாடலில் கேஸிலும் கரண்டிலும் ஓடும் அப்ஸார்ப்ஷன் ஃபிரிட்ஜ் இருக்க வாய்ப்பு அதிகம். அதில் கம்ப்ரசர் இல்லை. அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பில்தான் குழாய்க்குள் இறங்கி ஓடுகிறது. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கரைசல் ஓரிடத்தில் தேங்கிக் காய்ந்து, உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்தால் ஃபிரிட்ஜின் குளிர்ப் பகுதியையே மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்ன ரசமட்டம் வைத்துப் பாருங்கள், சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சமப்படுத்துங்கள். டெக்சஸ் வெயிலில் தார் தளமாக இருந்தால் ஜாக்குகளுக்கு அடியிலும் அகலப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் அமுங்கிப் பள்ளம் விழும். அது மருமகள் வீட்டுத் தளம்.

சரி, டிரைவ்வே இல்லையென்றால் எங்கே? ஃபிரிஸ்கோவுக்கு மேற்கே லூயிஸ்வில் ஏரிக்கரையில் ராணுவப் பொறியாளர் பிரிவின் ஹிக்கரி கிரீக் பார்க் இருக்கிறது. எடிசனுக்குத் தெற்கே ஃப்ரீஹோல்டில் மான்மவுத் கவுண்டியின் டர்க்கி ஸ்வாம்ப் பார்க்கில் கரண்ட், தண்ணீர் இணைப்புள்ள இடங்கள் உண்டு. 62 வயது நிரம்பிய குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்கலாம். ராணுவப் பொறியாளர் பிரிவின் கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். இந்த மாதிரி அரசு இடங்களில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து இருக்க விடுவது அரிது. ஆகவே 14 நாள் ஏரிக்கரை, 3 நாள் மகன் வாசல், மறுபடி வேறொரு பார்க் என்று சுற்றி வாருங்கள். மூன்று மாதத்தில் சுமார் ஐந்து முறை வாசலில் நிற்பீர்கள். குழந்தைகளுக்கு அது திருவிழா மாதிரி இருக்கும். மாதக் கணக்கில் ஒரே இடம் வேண்டும் என்றால் தனியார் பார்க். அங்கே கரண்ட் பில் பெரும்பாலும் தனியாக வரும், சேர்த்துக் கேளுங்கள்.

ஊர் மாறும் வரிசையை வெயிலை வைத்துப் போடுங்கள், பண்டிகையை வைத்து அல்ல. கொஞ்சம் யோசித்தால் இரண்டும் ஒத்துவரும். கூரை ஏசி வெளியே விடும் காற்று, உள்ளே இழுக்கும் காற்றைவிடச் சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட்தான் குளிர்ந்திருக்கும். டாலஸ் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் வெளியே 100 டிகிரி அடிக்கும்போது தகரப் பெட்டிக்குள் இரண்டு ஏசியும் நிற்காமல் ஓடும். மார்ச் முதல் மே வரை அங்கே ஆலங்கட்டி மழை. கூரையிலுள்ள பிளாஸ்டிக் மூடிகளும் வென்ட்டுகளும்தான் முதலில் உடையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபிரிஸ்கோ, தீபாவளி மகனோடு. ஜனவரி முதல் மார்ச் வரை ஃப்ரீமான்ட். மே முதல் செப்டம்பர் வரை எடிசன். டெக்சஸிலிருந்து குளிர்காலத்தில் மேற்கே போகும்போது ஐ-20, ஐ-10 வழி. ஐ-40 அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே 7,000 அடி உயரத்தைத் தொடும், பனி கொட்டும். எடிசனுக்கு ஐ-81, ஐ-78 வழியாகப் போங்கள். ஜி.பி.எஸ். உங்களை ஐ-95-இல் பால்டிமோர் வழியாகக் கூப்பிடும். அங்குள்ள சுரங்கப் பாதைகளில் உங்கள் வண்டி அளவுக்கு புரோப்பேன் ஏற்றிக்கொண்டு போகத் தடை. முன்பு அதற்கு மாற்றாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு 250, 300 மைல் போதும்.

இப்போது வண்டியின் எடை. வாங்கும் முன் இதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 32 அடி கிளாஸ் சி வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டு இ-450 சேஸிஸில் கட்டியவை. அதன் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. வண்டி நீளமாக நீளமாகப் பெட்டியே அந்த வரம்பைத் தின்றுவிடும். உங்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது குறைவு. கதவுக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் “ஆட்களும் சாமானும் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது” என்று ஒரு எண் போட்டிருக்கும். அதிலிருந்து உங்கள் இருவர் எடையைக் கழியுங்கள். 40 கேலன் நல்ல தண்ணீர் நிரப்பினால் 334 பவுண்டு, அதையும் கழியுங்கள். மிஞ்சுவதில்தான் அரிசி மூட்டை, புடவைகள், பாத்திரம், கருவி எல்லாம். வாங்கியதும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஏறி முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாக எடுங்கள். டயரில் காற்று அந்த எடைக்குத்தான். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் வருடமும்: 2318 என்றால் 2018-இன் 23ஆவது வாரம். 2018 வண்டி அதே டயரோடு வந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறும் மாற்ற வேண்டியவை. அந்தப் பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

கிளாஸ் சி வண்டி எங்கே ஒழுகும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். டிரைவர் தலைக்கு மேலே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் படுக்கைதான் முதல் இடம். மெத்தையைத் தூக்கி, முன் மூலைகள் இரண்டிலும் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். பிஸ்கட் மாதிரி நொறுங்கினாலோ, உப்பின ரொட்டி மாதிரி அமுங்கினாலோ அந்த வண்டி வேண்டாம். அடுத்து, நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் பகுதியான ஸ்லைடின் தரை மூலைகள். வெளியே பக்கச் சுவரை வெயில் சாயும் நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். அலை மாதிரி தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து ஒட்டு விட்டிருக்கிறது. இதற்கென்றே சான்றிதழ் பெற்ற ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் செய்வதில்லையா, இதுவும் வீடுதான்.

காகித வேலையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நிலையான வீடில்லாமல் வாழ்பவர்கள் சவுத் டகோடா, டெக்சஸ், ஃபுளோரிடா என்று மாநில வருமான வரி இல்லாத இடங்களில் தபால் முகவரி எடுப்பார்கள். டெக்சஸ் லிவிங்ஸ்டனில் உள்ள எஸ்கேப்பீஸ் சங்கம் 1978-இல் தொடங்கியது, இன்றும் இந்த வேலையைச் செய்கிறது. உங்களுக்கோ மகனே டெக்சஸில் இருக்கிறார். அவர் முகவரியில் லைசன்ஸ், வண்டிப் பதிவு எடுப்பது எளிது. நீங்கள் அங்கே வசிப்பதாக அவர் உறுதிமொழிப் படிவம் தரலாம். கிரீன் கார்டில் இருந்தால் முகவரி மாறிய 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவம் போட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது “ஃபுல் டைமர்” பாலிசி என்று சொல்லிக் கேளுங்கள். விடுமுறைக்குப் போகிறவர்களுக்கான சாதாரண பாலிசி, வண்டிப் படியில் விருந்தாளி தடுக்கி விழுந்தால் கைவிரித்துவிடும்.

மருத்துவக் காப்பீடு இதைவிட முக்கியம். உங்கள் கணவரிடம் இருப்பது ஒரிஜினல் மெடிகேர் என்றால் மெடிகேர் ஏற்கும் எந்த ஊர் டாக்டரிடமும் போகலாம். தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்றால் அது ஒரு பகுதிக்குள் கட்டியது. அந்தப் பகுதிக்கு வெளியே தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். 65 ஆகும்வரை உங்களுக்குத் தனித் திட்டம் வேண்டும். குறிப்பிட்ட டாக்டர்களிடம் மட்டும் போகவிடும் எச்.எம்.ஓ. வகை வெளியூரில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் கைகொடுக்கும். முகவரியை டெக்சஸுக்கு மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

தண்ணீருக்கு மூன்றே வார்த்தை. வீட்டுக் குழாயில் மாட்டும் முன் 40 முதல் 60 பி.எஸ்.ஐ.க்குக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், குடிநீருக்கான வெள்ளை ஹோஸ், வாட்டர் ஹீட்டரின் டேங்கில் தண்ணீர் நிரம்பாமல் அதன் கரண்ட் சுவிட்சைப் போடாமல் இருப்பது. உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் எலிமெண்ட் உடனே எரிந்துவிடும். பழைய வண்டி ஆதலால் முதலில் நல்ல தண்ணீர் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள்: 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச், எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, வாடை போகும்வரை அலசிக் கொட்டுங்கள்.

சமையலில் இரண்டு இடத்தில் கவனம். அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் நம் தாளிப்புக்குத் தாங்காது. சீட், திரைச்சீலை எல்லாவற்றிலும் வாடை ஏறும், புகை அலாரம் அலறும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். வறுவல், தாளிப்பு, தோசை மூன்றையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வெளிப்புறத்தில் கேஸ் இணைப்பு இருந்தால் அது ஏற்கெனவே ரெகுலேட்டரைத் தாண்டி அழுத்தம் குறைந்து வருவது. கடையில் வாங்கும் கேம்ப் அடுப்பில் அதற்கென்று தனி ரெகுலேட்டர் இருந்தால், இரண்டு முறை குறைந்து, தோசைக்கல் காயவே காயாது. ரெகுலேட்டர் இல்லாத அடுப்பைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: அரிசி களைந்த தண்ணீர், சாம்பார் மிச்சம், எண்ணெய் எதுவும் சிங்கில் போகக் கூடாது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கிரே டேங்க் நாறுவது பெரும்பாலும் இதனால்தான். பழியைக் கழிப்பறை சுமக்கும்.

கிரைண்டரைக் கொண்டுபோங்கள். 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட்தான், எந்தச் சாக்கெட்டிலும் ஓடும். அமெரிக்க 110 வோல்ட் மாடலாக மட்டும் இருக்கட்டும். கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் என்றால் மகன் வீட்டில் விட்டுவிடுங்கள். வண்டி ஓடும்போது அதை மேடையில் வைக்காதீர்கள். கல்லை வெளியே எடுத்துத் துண்டில் சுற்றி, பாத்திரத்தோடு டைனெட் மேசைக் காலுக்கு அடியில் தரையில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். குளியல் தொட்டியில் வைக்க வேண்டாம், ஃபைபர் அடித்தட்டு கீறிவிடும். அரைத்த மாவைப் பொங்கவிடுவதை நின்ற ஊரில் முடித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் நிரப்பிய மாவுப் பாத்திரத்தோடு நெடுஞ்சாலையில் ஏறினால் முதல் பிரேக்கிலேயே ஃபிரிட்ஜைக் கழுவ வேண்டியிருக்கும்.